அந்த உடம்பும் உன் பொறுப்புதான்

அன்புக் கண்ணு,

மாவட்ட மனநலத் திட்டத்தில் செவிலியராகச் சேர்ந்துவிட்டாய் என்று உன் அம்மா போனில் சொன்னாள். பயப்படுகிறாளா என்று கேட்டேன். "ஆளுங்களைப் பார்த்துப் பயமில்லம்மா, எதையாவது கவனிக்காம விட்டுடுவோமோன்னுதான் பயம்" என்றாயாம் நீ. அந்தப் பயத்தை விட்டுவிடாதே. இந்த வேலைக்கு அது நல்லது.

என் காலம் முழுக்க மனநல வார்டிலும் ஓ.பி.யிலும் கழிந்தது. நீ கேட்காமலே சில விஷயங்களைச் சொல்லப் போகிறேன். உன் பதிவேட்டில் இருக்கும் மனச்சிதைவு நோயாளிகளும் இருதுருவ நோயாளிகளும் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறந்துபோகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தற்கொலை அதில் ஒரு பங்குதான். பெரும் பங்கு உடம்பு நோய்க்குப் போகிறது. அதிலும் முதலில் நிற்பது மாரடைப்பு, பக்கவாதம் போன்ற இதய, ரத்தக்குழாய் நோய்கள். மனதைப் பார்க்கிறவர்கள் உடம்பை வேறு யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று இருக்கிறார்கள். உடம்பைப் பார்க்கிறவர்களோ இவர்களைக் கண்டதும் மனநலப் பிரிவுக்குக் கை காட்டுகிறார்கள். இருவருக்கும் நடுவே அந்த நெஞ்சைக் கேட்பார் இல்லை. நீ கேட்க வேண்டும்.

1. மாத்திரை தொடங்குகிற அன்றைக்கே எடை பார். அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதே. ஒலான்சபின், குளோசபின் போன்ற மருந்துகளில் முதல் சில வாரங்களிலேயே எடை ஏறத் தொடங்கிவிடும். ஆரம்பத்தில் எத்தனை கிலோ இருந்தார் என்று எழுதி வைக்காவிட்டால், எவ்வளவு ஏறியது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் மனநல மருத்துவர் சங்கமும் 2004இல் சேர்ந்து ஒரு முறை வகுத்துக் கொடுத்தன. எடையை 4, 8, 12ஆம் வாரங்களில் பார்த்துவிட்டு, அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். பிபி, சுகர், கொழுப்பு மூன்றையும் தொடக்கத்திலும் 12ஆம் வாரத்திலும் பார்க்க வேண்டும். பிபியும் சுகரும் அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறையாவது. இடுப்புக்கு டேப் வைக்கும்போது நம் நாட்டவர்க்கு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. எல்லை என்று மனதில் வைத்துக்கொள். மேல்நாட்டு அளவைவிட இது குறைவு. நம்மவர்களுக்குக் கொஞ்சம் தொப்பை போட்டாலே சர்க்கரையும் மாரடைப்பும் கிட்டே வந்துவிடுகின்றன.

அளவைவிடக் கடினமான ஒன்று உண்டு. நம் வீடுகளில் சதை பிடித்தால் தேறிவிட்டான் என்று பொருள். "போன வருஷம் எலும்பும் தோலுமா ரோட்ல திரிஞ்சான். இப்பப் பாருங்கம்மா, கன்னமெல்லாம் வெச்சிருக்கு" என்று ஒரு தாய் மகனின் முகத்தைத் தடவிக் காட்டுவாள். அந்த மகிழ்ச்சியின் மேல் கிலோக் கணக்கைத் தூக்கிப் போடாதே. அவள் சொல்வது உண்மை, மகன் தேறித்தான் இருக்கிறான். "ஆமாம்மா, நல்லாத் தேறியிருக்கான். இந்த அளவோட நிறுத்திக்குவோம்" என்று அவள் பக்கம் உட்கார்ந்து சொல். அவள் உன்னோடு வருவாள்.

2. மருந்தைப் பழிக்காதே. எடை ஏறுகிறதே, சுகர் வருகிறதே என்று அரைகுறையாகப் பேசினால், வீட்டில் கேட்கிறவர்கள் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். மாத்திரை நின்றால் நோய் திரும்பும். நோய் திரும்பினால் சாப்பாடு, தூக்கம், பிபி மாத்திரை எல்லாமே போகும். பின்லாந்தில் பல்லாயிரம் நோயாளிகளைப் பதினோரு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2009இல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். மனச்சிதைவுக்கு மருந்தே எடுக்காதவர்களைவிட மருந்து எடுத்தவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது. அதிலும் ஆகக் குறைந்த இறப்பு குளோசபின் எடுத்தவர்களிடம். உடம்பை அதிகம் பெருக்கவைக்கும் மருந்துகளில் ஒன்று அது என்பதையும் நினைத்துப் பார். எனவே மருந்தும் வேண்டும், காவலும் வேண்டும். அரிப்பிப்ரசோல் போல எடையை அவ்வளவாக ஏற்றாத மருந்துகளும் உண்டு. யாருக்கு எதை மாற்றலாம் என்பது மருத்துவர் முடிவு. அவர் முடிவெடுக்க வேண்டிய எண்கள் அவர் மேசையில் இருக்கும்படி பார்த்துக்கொள்வது உன் வேலை.

3. பசியைப் பேராசை என்று எண்ணிவிடாதே. இந்த மருந்துகள் மூளையில் போதும் என்று சொல்கிற இடத்தையே தொட்டுவிடுகின்றன. சாப்பிட்டுக் கை கழுவிய கொஞ்ச நேரத்தில் மறுபடியும் பசிக்கும். இரவில் எழுந்து பானையைத் துழாவுகிறவரை வீட்டார் "சோத்துப் பண்டாரம்" என்று ஏசுவார்கள். அவர் கூனிக் குறுகிப்போய் அடுத்த முறை ஒளித்துத் தின்பார். மருந்து தொடங்கும்போதே "இது பசியைக் கிளப்பும், அது உங்க குத்தமில்ல" என்று நோயாளி, வீட்டார் இருவரிடமும் சொல்லிவிடு. முன்கூட்டிச் சொன்ன ஒரு சொல் பின்னால் நூறு ஏச்சைத் தடுக்கும்.

சாப்பாட்டு யோசனை சொல்லும் முன் அவர் எங்கே, யார் கையால் சாப்பிடுகிறார் என்று கேள். அண்ணன் வீட்டுத் திண்ணையில் தட்டு வைத்தால் சாப்பிடுகிறவரிடமும், கோயில் அன்னதானத்தை நம்பி இருக்கிறவரிடமும் "காய்கறி, பழம் நிறையச் சேர்த்துக்கோங்க" என்று சொல்வது அவரை அவமானப்படுத்துவது. அவர் கையில் இருப்பது எது என்று பார். டீயில் சர்க்கரையைப் பாதியாக்குவது அவர் கையில் இருக்கும். கலர் குடிப்பதை விட்டு மோரோ தண்ணீரோ குடிப்பது இருக்கும். பன்னுக்குப் பதில் அதே காசுக்குச் சுண்டல் வாங்குவது இருக்கும். அவ்வளவில் தொடங்கு. இரண்டு வாரம் கழித்து வரும்போது அதைப் பற்றி மட்டும் கேள், புதிதாக ஒன்றைச் சேர்க்காதே. ஒரே நாளில் பத்து யோசனை சொல்லி அனுப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வாசலைத் தாண்டும்போது ஒன்றுகூட நோயாளியின் நினைவில் இருந்ததில்லை.

4. பீடி விஷயத்தில் இரக்கம் என்று நினைத்து அலட்சியம் காட்டாதே. பழைய வார்டுகளில் பீடிதான் காசு. முற்றம் கூட்டினால் ஒரு பீடி, முரண்டு பிடிக்காமல் ஊசி போட்டுக்கொண்டால் ஒரு பீடி. ஊழியர்கள் கெட்டவர்கள் இல்லை. "பாவம், அவனுக்கு இருக்கிற ஒரே சந்தோஷம்" என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையில் எத்தனையோ நுரையீரலும் இதயமும் போயின. விடச் சொன்னால் மனநோய் முற்றிவிடும் என்ற பேச்சு இன்றும் உண்டு. 2016இல் 'லான்செட்' இதழில் வந்த பெரிய ஆய்வில் எட்டாயிரம் பேருக்கு மேல் பங்கேற்றார்கள், அவர்களில் பாதிப் பேர் மனநோய் உள்ளவர்கள். புகைப்பதை விட உதவும் வெரினிக்ளின், புப்ரோபியான் மருந்துகளால் மனநலத் தொந்தரவு குறிப்பிடும்படி கூடவில்லை. பலருக்கு விட ஆசை இருக்கிறது, யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். நீ கேள்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது, நன்றாகப் பதித்துக்கொள். புகை கல்லீரலை முடுக்கிவிட்டு குளோசபினையும் ஒலான்சபினையும் வேகமாகக் கரைத்துவிடும். அதற்கேற்பத்தான் மருந்தின் அளவும் ஏறியிருக்கும். திடீரென்று புகையை நிறுத்தினால் சில நாட்களிலேயே ரத்தத்தில் குளோசபின் ஒன்றரை மடங்குக்கு மேலும் ஏறலாம். எனக்குத் தெரிந்த ஒருவர் ஐயப்பனுக்கு மாலை போட்டார். பல ஆண்டுப் பீடியை அன்றோடு வைத்துவிட்டார். வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். ஒரு வாரத்தில் ஆள் பகலெல்லாம் தூங்கி வழிந்தார், எச்சில் வடிந்து தலையணை நனைந்தது, நடை தள்ளாடியது. விரதத்தால் உடம்பு தளர்ந்துவிட்டது என்று வீட்டில் நினைத்தார்கள். பீடியை நிறுத்தியதை அவர் தங்கை பேச்சுவாக்கில் சொன்னபோதுதான் மருத்துவருக்கு விளங்கியது. அளவைக் குறைத்தார், மனிதர் தெளிந்தார், மலைக்கும் போய் வந்தார். வலிப்பு வரும்வரை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்! கார்த்திகை மாதத்திலும், புகைக்க விடாத வார்டில் யாரைச் சேர்த்தாலும், இதைக் கேட்டு எழுதிவிடு. நிகோடின் பட்டையோ நிகோடின் சூயிங்கமோ கல்லீரலை இப்படி முடுக்காது, புகைதான் முடுக்கும் என்பதையும் தெரிந்துகொள்.

5. நோயாளி சொல்வதை நம்பு. எல்லாவற்றிலும் இதுதான் பெரியது.

நெடுங்காலமாக வார்டில் இருந்த ஒருவர், தன் வயிற்றுக்குள் ஒரு இன்ஜின் ஓடுகிறது என்று தினமும் சொல்வார். எல்லாருக்கும் அது பழகிவிட்டது. ஒரு சாயங்காலம் "இன்ஜின் நின்னுடுச்சு, இடது கைக்கு கரண்ட் வரல" என்றார். வழக்கமான பேச்சு என்று சுற்றியிருந்தவர்கள் சிரித்துக்கொண்டார்கள். அங்கே வேலை பார்த்த ஆயா ஒருத்தி மட்டும் அவருடைய டீ டம்ளரைப் பார்த்தாள். ஆறிப்போய் அப்படியே இருந்தது. அந்த மனிதர் டீயை மிச்சம் வைத்ததே இல்லை. நெற்றியைத் தொட்டாள், சில்லென்று வேர்வை. ஓடிப்போய்ச் சொன்னாள். ஈசிஜி எடுத்தார்கள், மாரடைப்பு. நேரத்தோடு கொண்டுபோனதால் பிழைத்தார். படிப்பில்லாத அந்த ஆயாவிடம் வார்டே கற்றுக்கொண்டது. பிரமை பேசுகிறவரும் தன் உடம்பைப் பற்றி நிஜம் பேசுவார். தனக்குத் தெரிந்த மொழியில் பேசுவார், அவ்வளவுதான்.

ஆகவே நேற்று எப்படி இருந்தார், இன்று எப்படி இருக்கிறார் என்று பார். உட்கார்ந்த இடத்தில் மூச்சு வாங்குகிறதா, மாடிப்படியில் நிற்கிறாரா, தாடை, முதுகு, தோள் என்று எங்கேனும் கையை வைத்து அழுத்துகிறாரா என்று கவனி. மனச்சிதைவு உள்ளவர்களில் சிலர் வலியைக் குறைவாகவே வெளிக்காட்டுவார்கள். பெண்களும் சர்க்கரை உள்ளவர்களும் நெஞ்சு வலி என்று சொல்லாமல் அசதி, குமட்டல் என்றே சொல்லக்கூடும். சந்தேகம் வந்தால் ஈசிஜி எடுக்கச் சொல். எடுத்துப் பார்த்து ஒன்றும் இல்லையென்றால் சந்தோஷம். "மெண்டல் கேஸுக்கு எதுக்கு ஈசிஜி" என்று எவராவது கேட்டால் வெட்கப்படாதே, அந்தச் சொல்லுக்கு வெட்கப்பட வேண்டியவள் நீ இல்லை. நம் மாநிலத்தில் 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியோடு வருகிறவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாட்டின் முதல் தவணையாகக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். அது உன் நோயாளிக்கும் உரியது. 108ஐ அழைக்கும்போது முதலில் நெஞ்சு வலியைச் சொல், மனநோயைப் பிறகு சொல்.

6. குளோசபின் தொடங்கியவரை முதல் இரண்டு மாதம் கண்ணில் வைத்திரு. வெள்ளையணுவுக்காக முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தம் எடுப்பார்கள், அதை யாரும் மறப்பதில்லை. இதயத் தசையில் அழற்சி வரக்கூடும் என்பதைத்தான் மறக்கிறார்கள். அரிதானது, ஆனால் உயிரை எடுக்கக்கூடியது. வந்தால் பெரும்பாலும் முதல் சில வாரங்களிலேயே வரும். காய்ச்சல், நெஞ்சுப் படபடப்பு, மூச்சிரைப்பு என்று வந்தால் சளி, ஃப்ளூ என்று அனுப்பிவிடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டு. மலச்சிக்கலையும் கேள். கூச்சப்பட்டுச் சொல்ல மாட்டார்கள், குளோசபினில் அதுவும் ஆளைக் கொன்றிருக்கிறது. சில மனநோய் மருந்துகள் இதயத் துடிப்பின் மின்னோட்டத்தை நீட்டிவிடும். அதற்காகவே தயோரிடசின் என்ற பழைய மாத்திரை பல நாடுகளில் நிறுத்தப்பட்டது. ஏற்கெனவே இதய நோய் உள்ளவர், வாந்திபேதியில் உப்புச்சத்து இறங்கியவர், பல மருந்து சேர்த்து எடுப்பவர் என்றால் ஈசிஜி எடுத்தார்களா என்று நீயே கேட்டுப் பார்.

7. நடக்கச் சொல்லாதே, நட. ஒரு மையத்தில் சுவரில் உடற்பயிற்சிப் படம் ஒட்டியிருந்தார்கள். படம் மங்கிப்போகும்வரை ஒருவரும் கையைத் தூக்கியதில்லை. பிறகு வந்த ஒரு சமூகப் பணியாளர் காலையில் பால் வாங்கப் போகும்போது இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போனார். சில மாதங்களில் ஒரு கூட்டமே பால் வாங்கப் போனது. கடைக்காரர் அவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார். கொழுப்பு எவ்வளவு குறைந்ததோ தெரியாது, பேர் சொல்லிக் கூப்பிட ஒருவர் கிடைத்ததில் அவர்கள் முதுகு நிமிர்ந்தது.

பெரிய பலனை எதிர்பார்த்து ஏமாறக் கூடாது என்பதற்காக இதையும் சொல்கிறேன். அமெரிக்காவில் பால்டிமோர் பக்கம் 291 பேர் சேர்ந்த ஆய்வில் பாதிப் பேருக்குக் கூட்டாக உடற்பயிற்சியும் எடைக் குறைப்புப் பயிற்சியும் 18 மாதம் கொடுத்தார்கள். 2013இல் முடிவு வந்தது: பயிற்சி பெறாதவர்களைவிடச் சராசரியாக 3.2 கிலோ குறைவு. டென்மார்க்கில் 428 பேர் சேர்ந்த ஆய்வில் ஒரு பிரிவினருக்கு ஆளுக்கொரு பயிற்றுநர் வைத்து ஓராண்டு வழிகாட்டினார்கள். 2016இல் வந்த முடிவில் இதய நோய் ஆபத்து குறையவில்லை. நல்ல மனதோடு செய்த வேலைகள்தான் இரண்டும். ஆனால் ஏறிவிட்ட எடையை இறக்குவது அவ்வளவு கடினம். ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்தின் போண்டையில் வேறொரு வழி பார்த்தார்கள். முதன்முதல் மனநோய் கண்ட இளைஞர்களுக்கு மருந்தோடு சேர்த்தே சமையல், உடற்பயிற்சி, உணவு ஆலோசனை எல்லாம் தொடங்கினார்கள். சிறிய ஆய்வுதான். ஆனால் 12 வாரத்தில் அந்த இளைஞர்களுக்கு ஏறியது 1.8 கிலோ, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுக்கு ஏறியது 7.8 கிலோ. உன் ஓ.பி.க்குப் புதிதாக வருகிற பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகளை முதலில் பிடித்துக்கொள் என்று சொல்வது அதனால்தான். நடையும் உணவும் போதாதபோது மெட்ஃபார்மின் உதவும் என்று சீனாவில் செய்த ஆய்வு 2008இல் வந்தது. இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கே நல்ல பலன். மருத்துவரிடம் இதைக் கேட்பதற்குத் தயங்காதே, கேட்கிற செவிலியரை நல்ல மருத்துவர் விரும்புவார்.

8. எண்ணை எழுதிவிட்டு நின்றுவிடாதே. பிபி 160/100 என்று அழகான கையெழுத்தில் எழுதியிருக்கும். அடுத்த மாதமும் அதே எண், அதற்கடுத்த மாதமும் அதே. பக்கவாதம் வந்த பிறகு புரட்டிப் பார்த்தால் ஓராண்டு எண்கள் வரிசையாக நிற்கும், பக்கத்தில் ஒரு பிபி மாத்திரையின் பெயர் இருக்காது. இங்கிலாந்தில் ஹெலன் லெஸ்டர் என்ற குடும்ப மருத்துவர் இதற்காகவே பாடுபட்டார். எந்த எண்ணுக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஒரே தாளில் காட்டும் வழிகாட்டி ஒன்று அவர் பெயரால் அங்கே இன்றும் புழங்குகிறது. உன் பதிவேட்டிலும் ஒவ்வோர் எண்ணுக்குப் பக்கத்தில் 'என்ன செய்தோம்' என்று ஒரு கட்டம் போட்டுக்கொள். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் உன்னை உறங்க விடக் கூடாது.

9. வீட்டில் நோயாளியைக் கவனிப்பவரையும் உட்காரவைத்து பிபி பார். பெரும்பாலும் அம்மாவாக இருப்பாள், இல்லையென்றால் அக்கா. அவள் விழுந்தால் மகனின் மாத்திரை அன்றோடு நின்றுவிடும். அதற்காக நோயாளியை விட்டுவிடவும் கூடாது. ஒரு ஊரில் முகாம் நடந்தபோது, தாய்க்கு சுகர் பார்த்தார்கள், தகப்பனுக்கு பிபி பார்த்தார்கள். அதே திண்ணையில் உட்கார்ந்திருந்த மகனின் பக்கம் கருவி போகவில்லை. "அவனுக்கு வேற மாத்திரை ஓடுதுங்க" என்று தகப்பனே சொல்லிவிட்டார். அவர்கள் மூவரிலும் சுகர் வரும் வாய்ப்பு அதிகம் உள்ளவன் அவன்தான். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. உன் பகுதித் தன்னார்வலரோடு ஒரு டீ குடி, உன் நோயாளிகளின் பெயர்களை அவர் நோட்டில் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளச் சொல். அவர் பயந்தால் முதல் முறை நீயும் கூடப் போ.

10. பெரிய மருத்துவமனையில் "இங்க வேணாம், மனநலத்துக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று திருப்பி அனுப்பினால் சண்டை போடாதே, நகரவும் செய்யாதே. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, எல்லாச் சிகிச்சையிலும் மனநோயாளியை உடல்நோயாளிக்குச் சமமாக நடத்த வேண்டும் என்கிறது, ஆம்புலன்ஸ் உட்பட. குரலை உயர்த்தாமல் அதைச் சொல்லிவிட்டு, கையில் ஈசிஜி தாளோடு அங்கேயே நில். அமெரிக்காவிலேயே, மாரடைப்பு வந்தவர்களில் மனநோயும் உள்ளவர்களுக்கு இதயக் குழாய் சிகிச்சைகள் குறைவாகவே செய்யப்பட்டன என்று 2000இல் ஆய்வு வந்தது. எங்கேயும் இப்படித்தான் நடக்கிறது என்று சமாதானமாகிவிடாதே. உன் வாசலில் நடக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

11. பெண்களிடம் கூடுதல் மரியாதை. இடுப்பில் டேப் வைக்கும் முன் கேள், திரை போடு, எண்ணை உரக்கச் சொல்லாதே. தொட்டவர்களால் துன்பப்பட்டவர்கள் அவர்களில் பலர். காப்பகத்தில் விடப்பட்ட பெண்களுக்கு நைட்டியே உடுப்பு. புடவையோ பாவாடையோ என்றால் இறுக்கம் காட்டிக்கொடுக்கும், நைட்டியில் உடம்பு பெருப்பது அவர்களுக்கே தெரியாது. காட்டிச் சொல்ல வீட்டு மனிதர்களும் இல்லை. ஒருத்தி வேண்டாம் என்றால் அன்றைக்கு விட்டுவிடு, எடை மட்டும் பார். அடுத்த முறை அவளே வருவாள்.

12. நோயாளிக்கு எது வேண்டும் என்று கேள். மாரடைப்பு வரும் என்று பயமுறுத்தினால் கேட்கிறவர்கள் குறைவு. காதில் வேறு குரல்கள் அதைவிடப் பயங்கரமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது உன் பயமுறுத்தல் எம்மாத்திரம். ஒருவருக்கு அக்கா மகள் கல்யாணத்துக்குப் பழைய பட்டுச் சட்டை பொத்தான் போடும்படி இருக்க வேண்டும். இன்னொருவருக்கு மூச்சு வாங்காமல் மலைக்கோயில் படியேற வேண்டும். ஒரு இளைஞன் மறுபடியும் கபடி ஆட வேண்டும் என்றான், முகத்தில் வெட்கத்தோடு. அந்த ஆசைகளை அப்படியே நோட்டில் எழுதிக்கொள், எடைக்குப் பக்கத்தில்.

13. ஒருவர் இறந்துவிட்டால் "பாவம், நிம்மதியாப் போயிட்டான்" என்று யாரோ சொல்வார்கள். நீ சொல்லாதே. நாற்பத்தைந்து வயதில் போவது நிம்மதி அல்ல. எதனால் இறந்தார் என்று கேட்டு எழுது. 'இயற்கை மரணம்' என்று முடித்துவிடாமல், கடைசியாக எப்போது பிபி பார்த்தோம், எப்போது சுகர் பார்த்தோம், பீடி உண்டா, ஈசிஜி உண்டா என்று அவர் கோப்பைத் திறந்து பார். மருத்துவரோடு உட்கார்ந்து ஒருமுறை பேசு, யாரையும் குற்றம் சொல்வதற்காக அல்ல. பிறகு அதே மருந்தில், அதே வயதில், அதே நிலையில் இருப்பவர்கள் யார் யார் என்று பதிவேட்டில் தேடி, அந்த வாரமே வரச் சொல். முடிந்தால் இறந்தவர் வீட்டுக்கும் போய் வா. அந்தத் தாய்க்கு பிபி பார்க்க இனி காரணம் இல்லை என்று எண்ணாதே.

14. உன் ஓ.பி.யில் எடைக்கருவி, பிபி கருவி, டேப், குளுக்கோமீட்டர் நான்கும் இருக்கின்றனவா என்று திங்கட்கிழமை போனதும் பார். இல்லாததை எழுத்தில் கேள், நகல் வைத்துக்கொள். வந்து சேரும்வரை அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரிடம் வாரம் ஒருநாள் இரவல் வாங்கு. அவரைத் தெரிந்துவைத்துக்கொள்வது எப்படியும் உனக்கு உதவும். பிபி கருவியில் பெரிய கைப்பட்டையும் சேர்த்துக் கேள். பருத்த கைக்குச் சின்னப் பட்டையைக் கட்டினால் பிபி இருப்பதைவிட அதிகமாகக் காட்டும், இல்லாத நோய்க்கு மாத்திரை போட்டுவிடுவார்கள். முதல் வாரம் எல்லாரையும் பார்த்து முடிக்க முடியாது. குளோசபின், ஒலான்சபின் எடுப்பவர்களின் பட்டியலை முதலில் எடு. அதில் பீடி பிடிப்பவர்களையும், வீட்டில் யாருக்கேனும் சின்ன வயதில் மாரடைப்பு வந்தவர்களையும் மேலே வை. என்ன எண்கள் வந்தன என்று ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போன் பண்ணு, உட்கார்ந்து பேசுவோம்.

அன்புடன்,
உன் பெரியபாட்டி